பெர்த்தில் நல்ல வெயிலாம்

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, மகன் மான்செஸ்டரிலிருந்து கூப்பிட்டான். அவன் கூப்பிடுகிற நாள் ஞாயிறு. சனிக்கிழமையே மணி அடித்தால் எனக்கு வயிற்றில் என்னவோ செய்யும். இந்த வயதில் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

"ஒண்ணும் இல்லப்பா, நல்ல சேதிதான்" என்று ஆரம்பித்தான். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் அவனுக்கு வேலை கிடைத்துவிடும் போலிருக்கிறது. சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம் கூட. ரொம்பவும் இல்லை. வீட்டு வாடகை அங்கே மோசமாம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

"பிறகு ஏன்டா?" என்றேன்.

"வெயிலுக்குத்தாம்ப்பா."

நான் சிரித்துவிட்டேன். கோவிலூரில் ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனிடம் வெயிலுக்காகக் கடல் கடந்து போகிறேன் என்றால் வேறு என்ன செய்வது? எங்கள் ஊரில் கல்யாணம், காட்சி, கடன் வசூல் எல்லாமே வெயில் தாழ்ந்த பிறகுதான். செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். முழங்கை நீளத்துக்குச் சுவர், வழுவழுவென்று முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, எட்டாத உயரத்தில் கூரை. அத்தனையும் வெயிலை வெளியே நிறுத்துவதற்காகச் செய்த செலவு.

பின்னாலிருந்து மருமகள் குரல் கேட்டது. "மாமா, சிரிக்காதீங்க. நீங்க இங்க வந்து ஆறு மாசம் இருந்தவங்கதானே. நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்னு இவர்கிட்ட சொல்லியிருக்கேன்."

அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மூன்று வாரம் யோசித்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நானும் என் மனைவியும் 2017-இல் அங்கே போயிருந்தோம். அக்டோபரில் போய் மார்ச்சில் திரும்பினோம். பார்வையாளர் விசாவில் அதற்கு மேல் இருக்க முடியாது. விவரம் தெரிந்தவர்கள் ஏப்ரலில் போய் செப்டம்பரில் திரும்புவார்களாம். எங்களுக்குத் தெரியவில்லை. பேத்தி பிறந்த நேரம் அப்படி.

டிசம்பரில் காலை எட்டேகால் மணிக்கு மேல்தான் விடியும். மாலை நாலு மணிக்கு முன்பே விளக்குப் போட்டாக வேண்டும். நடுவிலும் பகல் என்று சொல்லிவிட முடியாது. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று ஜன்னலுக்கு வெளியே இருக்கும். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தால் எழுந்திருக்கும்போது இருட்டு. முதல் வாரம் நான் ராத்திரி முழுக்கத் தூங்கிவிட்டேன் என்று நினைத்துப் பல் விளக்கப் போய்விட்டேன். என் மனைவி அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

மழை கொட்டோ கொட்டென்று கொட்டும் ஊர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது அப்படி இல்லை. மான்செஸ்டரில் வருஷத்துக்குப் பெய்வது 800-லிருந்து 900 மில்லிமீட்டர். நம் சிவகங்கை மாவட்டத்தின் சராசரியும் 900-ஐ ஒட்டித்தான். அளவு ஒன்றேதான். நமக்கு அது ஐப்பசி கார்த்திகையில் பாதி, மீதி கோடை இடியோடு என்று நாற்பது ஐம்பது நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அங்கே அதையே வருஷம் முழுக்கத் தவணை முறையில் கொடுக்கிறார்கள். வங்கியில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவனுக்கு இது சட்டென்று புரிந்தது. மொத்தமாகக் கட்டுகிற கடன் மனிதனை வாட்டாது. மாதாமாதம் வருகிற தவணைதான் வாட்டும்.

மருமகள் மதுரைப் பெண். படபடவென்று பேசுகிறவள். கல்யாணத்தன்றே என் தம்பியைக் கிண்டல் செய்தவள். அந்தக் குளிர்காலத்தில் அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கமில்லை என்று நாங்கள் நினைத்தோம். என் மனைவிதான் கவனித்தாள். கூழ் வடகம் பிழிந்து, பழைய துண்டில் பரப்பி, ஹீட்டர் பக்கத்தில் வைத்திருந்தாள் மருமகள். நாலு நாள் ஆகியும் காயவில்லை. ஐந்தாம் நாள் பூசணம் பூத்துவிட்டது. அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். வடகத்துக்காக யாராவது அழுவார்களா? "வடகத்துக்கு அழுவலங்க" என்று மட்டும் என் மனைவி என்னிடம் சொன்னாள்.

அங்கே டாக்டர் இரத்தம் சோதித்து வைட்டமின் டி குறைவு என்றார். அந்த நாட்டு அரசாங்கமே அக்டோபரிலிருந்து மார்ச் வரை எல்லோரும் தினம் பத்து மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வது நல்லது என்கிறது. நம்மைப் போலக் கறுத்த தோல் உள்ளவர்கள் வருஷம் முழுக்க எடுத்துக்கொள்ள யோசிக்கலாம் என்றும் சொல்கிறது. கறுத்த தோல் வெயிலைத் தடுக்க உண்டானது. வெயிலே இல்லாத இடத்தில் அது கிடைக்கிற கொஞ்சத்தையும் தடுத்துவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பிய அடுத்த வருஷம் கால் வலி என்று காரைக்குடியில் ஒரு டாக்டரிடம் போனேன். எனக்கும் வைட்டமின் டி குறைவு! வாரம் ஒன்று என்று அறுபதாயிரம் யூனிட் பொட்டலம் எழுதிக் கொடுத்தார். "சார், நீங்க வெயில் ஊர்ல இருக்கீங்க, வெயில்ல இல்ல" என்றார். காலையில் பஸ்ஸில் ஏறி, மின்விசிறிக்குக் கீழ் உட்கார்ந்து, வெயில் தாழ வீடு திரும்பியவனுக்கு வேறென்ன இருக்கும்? வெயில் உள்ள ஊரில் குடியிருப்பது வேறு, வெயில் மேலே படுவது வேறு என்பது எனக்கு அறுபத்தெட்டு வயதில்தான் தெரிந்தது.

சரி, பெர்த்துக்கு வருகிறேன். பேரன் வயதுப் பையன் ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடிப் பார்த்தேன். மான்செஸ்டரில் வருஷத்துக்கு வெயில் அடிக்கும் நேரம் சுமார் 1,400 மணி. பெர்த்தில் 3,000 மணிக்கு மேல். ஆஸ்திரேலியாவின் மாநிலத் தலைநகரங்களில் வெயில் அதிகம் அதற்குத்தான். கோடை அங்கே டிசம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை. நாற்பது டிகிரியைத் தாண்டும் நாளும் உண்டு. பிற்பகலில் கடலிலிருந்து ஒரு காற்று வந்து ஊரைக் குளிர்விக்குமாம். அதற்கு 'பிரீமாண்டில் டாக்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டாக்டர் வராத நாளில் நம் அக்னி நட்சத்திரம்தான்.

வெயிலைக் கொண்டாடுகிற அதே நாட்டில்தான் தோல் புற்றுநோயும் உலகத்திலேயே அதிகமான அளவில் இருக்கிறது. வெள்ளைத் தோலை வைத்துக்கொண்டு அந்த வெயிலில் வாழப் போனதற்கு விலை. 1981-லிருந்து சட்டையை மாட்டு, களிம்பைப் பூசு, தொப்பியைப் போடு என்று பிரசாரம் செய்கிறார்கள். பல பள்ளிக்கூடங்களில் தொப்பி கொண்டுவராத பிள்ளையை விளையாட விடுவதில்லையாம். வெயிலுக்காகப் போய், வெயிலில் நிற்கத் தொப்பி தேடுவது! நம் பாட்டிமார் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டதைத்தான் அவர்கள் சட்டமாக்கியிருக்கிறார்கள்.

வெயிலுக்குக் குடிபெயர்வது ஆங்கிலேயர்களுக்குப் புதிதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, ஆஸ்திரேலியா ஆள் வேண்டும் என்று, பெரியவர்களுக்குப் பத்து பவுன் கட்டணத்தில் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது. பிள்ளைகளுக்கு இலவசம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்களில் கால்வாசிப் பேர் பிடிக்காமல் ஊர் திரும்பினார்கள் என்றும், திரும்பியவர்களில் பாதிப்பேர் இங்கிலாந்தும் பிடிக்காமல் மறுபடி கப்பல் ஏறினார்கள் என்றும் சொல்கிறார்கள். எனக்கு அந்த மறுபடி ஏறியவர்களை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. நம் நிறத்து ஆட்களுக்கு அந்தப் பத்து பவுன் கப்பலில் இடம் கிடையாது. வெள்ளையர் மட்டும் என்ற கொள்கையை அவர்கள் முழுதும் கைவிட்டது 1973-இல்தான்.

என் மகன் நான் படிப்பேன் என்று ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையையும் அனுப்பியிருந்தான். தனக்கு எதிரான சாட்சியை அவனே அனுப்பியது எனக்குப் பிடித்திருந்தது. டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இரண்டு பேர் 1998-இல் வெளியிட்டது. கானமன் பிறகு 2002-இல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கியவர். அமெரிக்காவில் குளிர் அதிகமான நடு மேற்குப் பகுதியிலும், வெயில் கொழிக்கும் கலிபோர்னியாவிலும் ஏறக்குறைய 2,000 மாணவர்களைக் கேட்டார்கள். உன் வாழ்க்கை உனக்கு எவ்வளவு திருப்தி என்று கேட்டால் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான். உன்னைப் போல ஒருவன் அடுத்த பக்கம் இருந்தால் எப்படி இருப்பான் என்று கேட்டால், இரண்டு பக்கத்தாரும் கலிபோர்னியாக்காரன்தான் சந்தோஷமாக இருப்பான் என்றார்கள். கலிபோர்னியாவில் இருப்பவனே அப்படிச் சொன்னான், பாருங்கள். எதை நினைத்துக்கொண்டு கேள்விக்குப் பதில் சொல்கிறோமோ அது அந்த நேரத்துக்குப் பெரிதாகத் தெரிகிறது என்பது அவர்கள் கண்ட விஷயம். வெயிலைப் பற்றிக் கேட்டால் வெயில்தான் வாழ்க்கை என்று தோன்றும்.

இது மாணவர்களைக் கேட்டது. சமையலறைத் தரையில் உட்கார்ந்தவளை யாரும் கேட்கவில்லை.

அக்கரை என்பது எங்கள் பகுதிக்குப் புதிய சொல் இல்லை. கடல் கடந்து தொழிலுக்குப் போவதை நகரத்தார் 'கொண்டுவிக்கப் போறது' என்பார்கள். பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று போனார்கள். 1930-ஐ ஒட்டிய அரசாங்க விசாரணைக் குழுவின் கணக்குப்படி பர்மாவில் மட்டும் செட்டியார் கடைகள் 1,650 இருந்தன. நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், ஈடு வைத்த நிலம் கைக்கு வந்து, அந்தப் பத்து ஆண்டு முடிவதற்குள் கீழ்ப் பர்மாவின் நெல் வயலில் கால் பங்கு அவர்கள் கையில் நின்றது. 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது ஒரே நாளில் மூன்று கிளைகள்: காரைக்குடி, சென்னை, ரங்கூன். காரைக்குடிக்காரனுக்கு ரங்கூன் அவ்வளவு பக்கம்.

எங்கள் ஐயா, அப்பாவைப் பெற்றவர், ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கடையில் சமையல்காரர். மூன்று வருஷக் கணக்கு. முடிந்ததும் ஊருக்கு வந்து சில மாதம் இருந்துவிட்டு மறுபடி மூன்று வருஷம். அப்பத்தா இங்கேயேதான். அவர் அங்கே 'வாழ்ந்தேன்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 'இருந்தேன்' என்பார். வாழ்வதெல்லாம் கோவிலூருக்கு வந்த பிறகுதான் என்று மூட்டை கட்டி வைத்திருந்தார். முதலாளிமார் தேக்கும் பளிங்கும் கொண்டுவந்து வீடு கட்டினார்கள். எங்கள் ஐயா கொண்டுவந்தது இரண்டு அரக்குப் பெட்டியும், மழையைப் பற்றிய கதைகளும். வைகாசியில் பிடித்தால் ஐப்பசி வரை விடாதாம். ரங்கூனில் வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். காயப் போட்ட வேட்டி காயாமல், அடுப்புச் சூட்டில் காட்டிக் கட்டிக்கொண்டதாகச் சொல்வார். வடகம் பூசணம் பூத்த கதையைக் கேட்டபோது எனக்கு அந்த வேட்டிதான் ஞாபகம் வந்தது.

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. ஐயா மாந்தளே வரை ரயில், பிறகு சிந்துவின் ஆற்றில் படகு, அதன் பிறகு தமு, இம்பால், திமாபூர் என்று நடையும் லாரியுமாக வந்து சேர்ந்தார். ஏறக்குறைய நாலு லட்சம் இந்தியர்கள் அப்படித் தரைவழியாக வந்தார்கள். காலராவில் வழியிலேயே போனவர்கள் ஆயிரக்கணக்கில். அவரோடு கிளம்பிய ஐந்து பேரில் ஊர் வந்தது மூன்று பேர். அதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். வந்த அன்று கோவிலூர் ஊருணிப் படியில் வெயிலில் படுத்துக்கொண்டார், மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை என்று அப்பத்தா சொல்வாள்.

ஆனால் நான் அதிகம் நினைத்தது ஐயாவை அல்ல. காரைக்குடி பர்மா காலனியில் இருக்கும் என் பள்ளிக்கூடத்து நண்பனை. மழைநாட்டிலிருந்து வெயில்நாட்டுக்குக் குடும்பத்தோடு வந்தவன் எனக்குத் தெரிந்து அவன்தான். அவன் பிறந்தது பெகுவில். அவன் அப்பாவுக்கு அங்கே ஒரு சின்ன மளிகைக் கடை. 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த வருஷம் வங்கிகள், 1964-இல் கடைகள் அரசாங்கத்துக்குப் போயின. அதே வருஷம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 1965-இல் ரங்கூனில் கப்பல் ஏறி, சென்னையில் இறங்கி, முகாமில் இருந்து, காரைக்குடி வந்தார்கள். என் பெஞ்சில் உட்கார்ந்தபோது அவனுக்குப் பதினாலு வயது. தமிழ் பேசுவான், எழுத வராது. நாங்கள் அவனை 'பர்மா' என்றுதான் கூப்பிட்டோம். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

இந்த விஷயத்தைப் பற்றிக் கேட்க அவன் வீட்டுக்கே போனேன். வெயிலுக்காகப் போகிறார்களாம் என்றதும் அவனும் சிரித்தான். பிறகு, "நாங்க வெயிலுக்கு வரலடா. விரட்டினாங்க, வந்தோம்" என்றான்.

அவன் அம்மாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கன்னத்தில் மஞ்சள் வெளுப்பாக ஒரு பூச்சு பூசியிருப்பார். தனக்கா என்பது அதற்குப் பெயர். பர்மாவில் பெண்கள் எல்லோரும் பூசுவார்கள். ஒரு மரக்கட்டையைக் கல்லில் உரைத்து எடுப்பது, நாம் சந்தனம் உரைப்பது போல. கப்பல் ஏறும்போது பெட்டியில் ஒரு கட்டை கொண்டுவந்திருந்தார். முகத்தில் என்ன சுண்ணாம்பா என்று தெருவில் கேட்பார்கள். கட்டை தேய்ந்து தேய்ந்து சுண்டுவிரல் அளவானது. பிறகு ஒரு நாள் பூச்சு இல்லாத முகத்தோடு நின்றார். எனக்கு யாரோ என்று இருந்தது.

"அம்மாவுக்கு இந்த வெயில் கடைசி வரைக்கும் ஆகல" என்றான். "மத்தியானம் கதவைச் சாத்திட்டு இருட்டுல உக்காந்திருக்கும். ஆனா அப்பாவைக் கேட்டா, பர்மாவுல இருந்த முட்டிவலி இங்க வந்து ஓடிப்போச்சும்பார். டீக்கடை போட்டு, வெயில்ல பெஞ்சைப் போட்டு உக்காந்துக்குவார். ஒரே வீடு, ஒரே வெயில்."

ஏன் என்று கேட்டேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு அவன் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னான். அம்மாவும் பெரியம்மாவும் பெகுவில் அடுத்தடுத்த வீடு. அரிசி கடன் வாங்குவது, தலை பின்னுவது, சண்டை போடுவது எல்லாம் அவர்களுக்குள்தான். ஊர் வந்த பிறகு பெரியப்பாவுக்கு இங்கே ஒட்டவில்லை. இந்த வறண்ட பூமியில் என்ன செய்வது என்று, பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று வேறு சில குடும்பங்களோடு மணிப்பூர் வழியாகக் கிளம்பிவிட்டார். எல்லையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரவும் மனமில்லாமல் எல்லையோரத்து மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். இன்றைக்கும் மோரேயில் தமிழர்கள் இருக்கிறார்கள், தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் இருக்கிறது. இப்படிப் போய் நின்றவர்கள் உண்டாக்கியதுதான் அது.

"பெரியம்மா போனதுக்கப்புறம் அம்மா யாரோடயும் பேசல. கடிதாசு வரும். அதைப் படிக்கச் சொல்லும். படிச்சு முடிச்சா, மறுபடி படிங்கும். அப்பாவுக்கு டீக்கடையில நாலு பேரு. பேசிக்கிட்டே இருப்பார். அவருக்கு வெயில் நல்லாருந்துச்சு."

அவன் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். மகன் கேட்ட அன்றிரவே என் வாயில் ஒரு பதில் இருந்தது. "வெயில்தானே வேணும், இங்க இல்லாத வெயிலா? கிளம்பி வாங்க" என்பதுதான் அது. நல்ல பதில் போலத் தெரிகிறது. அந்தக் கட்டுரையையும் பத்து பவுன்காரர்களையும் தோல் புற்றுநோயையும் நான் தேடிப் பிடித்ததெல்லாம் அந்தப் பதிலுக்கு முட்டுக்கொடுக்கத்தான் என்று பர்மா வீட்டிலிருந்து திரும்பும்போது உறைத்தது. என் மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் நான் ஒருவன். அவன் போக வேண்டுமா என்று கேட்டால் நான் வர வேண்டுமா என்று காதில் விழுகிறது. கானமன் சொன்னது எனக்கும் பொருந்துகிறது. எதை நினைத்துக்கொண்டிருக்கிறேனோ அதுதான் பதிலாக வருகிறது.

அவர்கள் இங்கே வந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அவன் படித்த படிப்புக்குக் காரைக்குடியில் வேலை இல்லை. பெங்களூருக்கோ சென்னைக்கோ போவான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை என்பான்.

கணக்கு பார்க்கிற புத்தி போகாது. தூரத்தையும் பார்த்தேன். மான்செஸ்டருக்கும் நமக்கும் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி வித்தியாசம். பெர்த்துக்கு இரண்டரை மணிதான். அவன் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது இங்கே எனக்கு மாலை நடை முடிந்திருக்காது. திருச்சியில் ஏறினால் சிங்கப்பூர், அங்கே மாறினால் பெர்த். அவள் அம்மா காலமானபோது அவன் வந்து சேர இரண்டாம் நாள் மாலையாகிவிட்டது. அதுவரை வைத்திருந்தோம். இதை நான் அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

மூன்றாவது சனிக்கிழமை நானே கூப்பிட்டேன். மகனிடம் கொடுக்காதே, நீயே பேசு என்று மருமகளிடம் சொன்னேன். அவளுக்கு அங்கே இப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை. பேத்திக்கு எட்டு வயது, பள்ளிக்கூடத்தில் தோழிகள். அதையெல்லாம் விட்டுவிட்டு வெயிலை மட்டும் நம்பிப் போகிறாயே அம்மா என்று கேட்டேன். பர்மாவின் அம்மா கதையைச் சொன்னேன். தனக்கா தேய்ந்ததையும் மோரே கடிதத்தையும் சொன்னேன். நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அங்க யாரு இருக்காம்மா உனக்கு?" என்றேன்.

"யாரும் இல்ல மாமா."

"அதைத்தான் சொல்றேன்."

"இங்க வந்தப்ப மட்டும் யாரு இருந்தா?" என்றாள். "எட்டு வருஷம் ஆச்சு, ரெண்டு பேரைப் பிடிச்சிருக்கேன். அவங்களும் நவம்பர் வந்தா வீட்டை விட்டு வெளிய வரமாட்டாங்க. நானும் போகமாட்டேன். அங்க போனா பூங்காவுல ஒரு பெஞ்சுலயாவது உக்காருவேன்ல மாமா. யாராவது வந்து பக்கத்துல உக்காருவாங்க. நீங்க சொன்னீங்களே, அந்த டீக்கடைத் தாத்தா மாதிரி."

எனக்குப் பதில் வரவில்லை. அதே வெயிலில் பெஞ்சைப் போட்டவர் ஒருவர், கதவைச் சாத்தியவர் ஒருவர் என்று நான் ஒரு பக்கத்தை வைத்துக் கதை சொன்னேன். அவள் மறுபக்கத்தை எடுத்துக்கொண்டாள். அவள் எந்தப் பக்கத்து ஆள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிடிக்கவில்லை என்றால் திரும்பி வர ஒரு பணம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதை வீட்டு முன்பணத்தில் போட்டுவிடாதீர்கள் என்றேன். வங்கிக்காரன் சொல்லத் தெரிந்தது அதுதான். போகச் சொன்னேனா, வேண்டாம் என்றேனா என்று மகன் பிறகு கேட்டான். "அவளைக் கேளு" என்றேன்.

ஜூலையில் போனார்கள். அங்கே அப்போது குளிர்காலம், வந்ததிலிருந்து மழை என்று முதல் போனிலேயே மகன் சொன்னான். நான் சிரிக்கவில்லை. கார்த்திகை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் கூப்பிட்டாள். பேத்தி தொப்பியோடு பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். "மாமா, அத்தை கூழ் வடகத்துக்கு ஒரு படி அரிசிமாவுக்கு எவ்வளவு ஜவ்வரிசி போடுவாங்க? இங்க நாளைக்கு முப்பத்தாறு டிகிரியாம். கீழ் வீட்டு அம்மா மாடித் தடுப்புல துணி கட்டிக் கொடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

எனக்குத் தெரியாது. முப்பத்தெட்டு வருஷம் தின்றேன், ஒரு நாள் கேட்டதில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, அவள் பெட்டியைத் திறந்து பழைய ரேஷன் கார்டு, கோயில் ரசீது, பால் கணக்கு எல்லாவற்றுக்கும் அடியில் அந்தச் சமையல் நோட்டைத் தேடி எடுத்தேன். பென்சிலில் எழுதியது, பாதி அழிந்திருக்கிறது. 'ஜவ்வரிசி' என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் உள்ள எண் ஒன்றா, ஒன்றரையா என்று தெரியவில்லை. காலையில் வெளிச்சம் வந்ததும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்க வேண்டும்.